மஞ்சள் தெளிக்காத வீடு

பாலையடி முகாமில் வீடுகளுக்கு மூச்சுத்தான் சாப்பாடு. இதைச் சொன்னால், பார்க்க வருகிறவர்கள் முதலில் சிரிப்பார்கள், பிறகு சுவரைத் தொட்டுப் பார்ப்பார்கள், பிறகு படம் எடுப்பார்கள். படம் எடுத்து முடிந்ததும் தேத்தண்ணீர்கூடக் குடிக்காமல் வாகனம் ஏறிவிடுவார்கள். எங்கள் வீடுகளை எத்தனையோ நாடுகள் பார்த்திருக்கின்றன. எங்களைத்தான் ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை.

கடல் எங்கள் தீவுகளை விழுங்கிய பிறகு வன்னிக் காட்டோரத்தில் எங்களைக் கொண்டுவந்து இறக்கினார்கள். முதல் இரண்டு மாரியையும் தறப்பாள் கூடாரத்துக்குள் கழித்தோம். மேலே ஒழுக்கு, கீழே சேறு, நடுவில் இருமல். அதற்குப் பிறகுதான் ஒரு நிறுவனம் அந்தக் கூழைக் கொண்டுவந்தது. காளானும் பாசியும் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு வளர்கிற உயிர் அது. சுவருக்கும் கூரைக்கும் பனைநாரில் பின்னிய தட்டியில் பூசிவிட்டால் மெல்ல ஊர்ந்து பரவி மரப்பட்டைபோல் இறுகிவிடும். வெடித்தால் தானே மூடிக்கொள்ளும், மழை ஒட்டாமல் வழிந்து போகும். அதற்கு வெளியே வெயில் வேண்டும், உள்ளே ஆட்கள் வேண்டும். நாங்கள் விடுகிற கெட்ட காற்றையும் மூச்சின் ஈரத்தையும் குடித்து அது வளர்ந்தது. ஆள் இல்லாத வீடு வெளுத்து உதிர்ந்துவிடும்.

அந்த வீடுகளை நாங்களேதான் கட்டினோம். ஆண்கள் காட்டுத்தடி வெட்டினார்கள், பெண்கள் தட்டி பின்னினோம். ஊரில் ஒரே கிணற்றில் தண்ணீர் அள்ளாத ஆட்கள் இங்கே ஒரே தொட்டிக்குள் முழங்கைவரை கையை விட்டுக் கூழ் பிசைந்தார்கள். ஒருவர் வீட்டைக் கட்டி முடிக்காமல் அடுத்தவர் வீட்டுக்குக் கால் நடுவதில்லை என்று பேசி வைத்திருந்தோம். அந்த நாட்களில் எனக்கு ஒரு கிறுக்கு நம்பிக்கை வந்தது. கடல் எங்களுக்கு ஏதோ ஒரு நல்லதும் செய்துவிட்டது என்று நினைத்தேன்.

என் பெயர் பவளம். ஊரில் பாலர் பள்ளியில் படிப்பித்தேன். முகாமில் சுவர் பார்க்கிற வேலை என் தலையில் விழுந்தது. காலையில் வீடு வீடாகப் போய்ச் சுவரில் உள்ளங்கையை வைத்துப் பார்ப்பேன். உயிருள்ள சுவர் தண்ணீர்ப் பானைபோல் குளிரும். அந்தக் குளிர்ச்சி கையில் ஏறினால் அன்றைக்கு எனக்கு வேறு கவலை இல்லை.

புரட்டாதியில் இயலினி செத்துப்போனாள்.

நிரோஜாவின் ஒரே பிள்ளை அவள். தீவைவிட்டு வரும்போது தகப்பனைக் கடலுக்குக் கொடுத்துவிட்டு, தாயின் இடுப்பில் இருந்தபடி வந்து சேர்ந்தவள். முகாமில் எல்லார் வீட்டுச் சட்டியிலும் கைவிட்டு வளர்ந்தாள். அம்மாள் வருத்தம் வந்தது. உடம்பெல்லாம் அம்மைக் கொப்புளம் பூத்தது, காய்ச்சல் இறங்கவில்லை. மருந்து வண்டி வருவதாகச் சொன்ன நாளுக்கு வரவில்லை. வந்த நாளில் மருந்துக்கு ஆள் இல்லை.

பிள்ளையை அடக்கம் செய்துவிட்டு வந்த பிறகுதான் அந்தக் கேள்வி எழுந்தது. யார் துடக்குக் காப்பது? எங்கள் பக்கத்தில் ஒரு வீட்டில் சாவு விழுந்தால், இரத்த உறவுக்காரர் எல்லாரும் துடக்குக் காப்பார்கள். மச்சம் மாமிசம் தொடமாட்டார்கள், கோயிலுக்குப் போகமாட்டார்கள், விளக்கு ஏற்றமாட்டார்கள். முப்பத்தோராம் நாள் வீடு முழுக்க மஞ்சள் தண்ணீர் தெளித்துத்தான் துடக்குக் கழிப்பார்கள். துடக்குக்காரர் என்றால் சொந்தக்காரர் என்று அர்த்தம். நிரோஜாவுக்கு முகாமில் ஒரு சொந்தமும் இல்லை. சின்னப் பிள்ளைக்கு இவ்வளவு முறை தேவையில்லை என்று ஒருவர் சொல்லிப் பார்த்தார்.

அப்போது எங்கள் முகாம் தலைவர் குகனேசன் எழும்பினார். ஊரில் பெரிய வீட்டு ஆள். நிரோஜாவின் ஆட்களைத் தன் படலைக்கு உள்ளே எடுக்காத குடும்பம்.

"நாங்கள் எல்லாரும் துடக்குக்காரர்தான்," என்றார். "அந்தப் பிள்ளை என்ர வீட்டிலையும் சோறு தின்டது."

நான் அழுதேன். வெட்கமில்லாமல் மூக்கைச் சிந்திச் சிந்தி அழுதேன். முகாம் முழுக்க ஒரே துடக்கு. ஒரு வீட்டிலும் மீன் வாசம் இல்லை. பிள்ளையார் கொட்டிலில் விளக்கில்லை. எங்கள் வாழ்நாளில் இப்படி ஒன்றைப் பார்ப்போம் என்று யார் நினைத்தது?

முப்பத்தோராம் நாள் அண்டா அண்டாவாக மஞ்சள் கரைத்தோம். அரை மனதோடு செய்யவில்லை. ஒப்புக்கு நாலு துளி தெளித்தால் அது வெளி ஆட்கள் செய்கிற வேலை. நாங்கள் சொந்தக்காரர் அல்லவா? மாவிலையால் உள்ளேயும் வெளியேயும் சுவர் நனைய நனையத் தெளித்தோம். குகனேசன் தன் வீட்டுக் கூரைக்கும் ஏறி வார்த்தார். நிரோஜாவின் வீட்டுக்குப் போனபோது அவள் வாசலில் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு மறித்தாள். ஏதோ சொன்னாள். ஒரு மாதமாகச் சாப்பிடாத, தலை வாராத பெண். நாங்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, அவள் பாட்டில் இருக்கட்டும் என்று விலகிப்போனோம்.

அடுத்த கிழமை என் உள்ளங்கைக்கு முதல் சுவர் சுட்டது. வெயில் என்று நினைத்தேன். அடுத்த வீடும் சுட்டது. அதற்கடுத்ததும். பச்சையும் சாம்பலுமாக இருந்த சுவர்களில் வெள்ளைத் தேமல் படர்ந்திருந்தது. நகத்தால் சுரண்டினேன், மாவாகக் கொட்டியது. ஒரு கோப்பை தண்ணீரை ஊற்றிப் பார்த்தேன். தேத்தண்ணீரில் தோய்த்த விசுக்கோத்துப்போல் அந்த இடம் அப்படியே குழைந்து கீழே இறங்கியது. வடக்கே வானம் கறுக்கத் தொடங்கியிருந்தது.

நிறுவனத்தில் முன்பு வேலை செய்த கஜானனைத் தொலைபேசியில் பிடித்தேன். திட்டம் முடிந்து அவர்கள் போய்விட்டார்கள். போகும்போது கூடாரங்களையும் கழற்றி வேறு முகாமுக்கு ஏற்றிப்போனார்கள், இனி உங்களுக்கு எதற்கு என்று கேட்டார்கள். கஜானன் நல்ல பிள்ளை, அதனால் தொலைபேசியை எடுத்தான். தொலைபேசியைத் திருப்பிச் சுவரைக் காட்டினேன். வாய்க்குள் விரலை வைத்துக்கொண்டு பார்த்தான்.

"சவுக்காரம் பட்டதோ அக்கா? சுண்ணாம்பு? கிருமி மருந்து?"

"ஒண்டுமில்லை. மஞ்சள் தண்ணி மட்டும் தெளிச்சனாங்கள்."

அவன் வாய்க்குள் இருந்த விரலை எடுத்தான். பிறகு, மஞ்சள் காளானைக் கொல்லும் என்றான். பாதி உயிர் காளான்தானே, அது செத்தால் மற்றப் பாதியும் செத்துவிடும் என்றான். தொடக்கூடாத பொருட்கள் எல்லாவற்றையும் யோசித்து யோசித்து எங்களுக்குச் சொல்லித் தந்தவர்களுக்கு மஞ்சள் மட்டும் நினைவுக்கு வரவில்லை.

"மஞ்சளை ஆரக்கா சுவருக்கு ஊத்துவினம்?"

"நாங்கள்," என்றேன்.

புதுக் கூழ் கேட்டேன். கடல் கடந்து வரவேண்டும், வந்தாலும் பூசி இறுக மூன்று மாதம் எடுக்கும் என்றான். மாரி மூன்று மாதம் பொறுக்குமா? வேறு வழி ஒன்றுதான் இருந்தது. நன்றாக முற்றிய உயிர்ச்சுவரில் இருந்து துண்டுகள் வெட்டி, செத்த சுவரைச் சுரண்டிவிட்டு அந்தத் தட்டியில் பதித்தால், மாமரத்துக்கு ஒட்டுக் கட்டுகிற மாதிரி ஒட்டிக்கொண்டு விறுவிறென்று பரவும். கூரைக்கு முதலில் பதிக்க வேண்டும். வீட்டுக்குள் எவ்வளவு ஆட்கள் நெருங்கி இருக்கிறார்களோ அவ்வளவு வேகமாகப் பிடிக்கும்.

"ஒரு வீடாவது உயிரோட இருக்கோ அக்கா?"

ஒரு வீடு இருந்தது. மஞ்சள் தெளிக்காத வீடு.

நிரோஜாவின் வீட்டுக்குள் கால் வைத்தபோது எனக்குக் கோயில் மண்டபத்துக்குள் போன மாதிரி உடம்பு குளிர்ந்தது. பின்சுவர்தான் மிகத் தடிப்பு. இயலினி சுவர்ப் பக்கம் திரும்பித்தான் படுப்பாள். அவளுடைய மூச்சு நேரே பட்ட இடம் பச்சைப் பசேலென்று புடைத்து நின்றது. ஒட்டுக்கு அதைவிட நல்ல சுவர் கிடைக்காது. அதன் கீழ்ப்பாகத்தில் ஒரு சேலையைத் தொங்கவிட்டிருந்தாள்.

அவள் பாயில் இருந்தபடி நான் சொன்னதை எல்லாம் கேட்டாள்.

"என்ர பிள்ளையின்ர மூச்சுத்தான் இது," என்றாள். "வெட்ட விடமாட்டன்."

அவ்வளவுதான். அடுத்த நாளும் அதே பதில். முகாம் கூடிப் பேசியது. கெஞ்சிப் பார்க்கலாம் என்றார்கள் பாதிப்பேர். மீதிப்பேர் வானத்தைப் பார்த்தார்கள். கைக்குழந்தைக்காரிகள் பிள்ளைகளை இறுக்கி அணைத்துக்கொண்டு இருந்தார்கள். குகனேசனின் மருமகள் வயிற்றுப் பிள்ளையோடு இருந்தாள். அவருக்குப் பொறுமை அறுந்துவிட்டது.

"செத்த பிள்ளைக்காக உயிரோட இருக்கிற பிள்ளையளைச் சாகக் குடுக்கிறதோ? நாளைக்கு நான் கத்தியோட போறன். பாவம் என்ர தலையில விழட்டும்."

ஒருவரும் மறுக்கவில்லை. நானும் மறுக்கவில்லை. துடக்குக்காரர் என்று சொன்ன அதே வாய்தான், ஆனால் அதில் நியாயம் இல்லை என்று என்னால் சொல்ல முடியவில்லை. அதற்கு முன் நான் ஒருக்கால் போய்ப் பேசுகிறேன் என்று மட்டும் கேட்டுக்கொண்டேன்.

மறுநாள் மத்தியானம் போனேன். காற்று நின்று, புழுங்கி அவிந்துகொண்டிருந்தது. நிரோஜா சேலையை விலக்கிவிட்டுச் சுவருக்கு முன்னால் குந்தியிருந்தாள். சுவரில் ஒரு சின்னக் கை தெரிந்தது. ஐந்து விரலும் விரிந்த வெள்ளைக் கை. பச்சைக்கு நடுவில் அந்தக் கையளவு மட்டும் சுவர் செத்திருந்தது.

"காய்ச்சலுக்கு மஞ்சளும் வேப்பிலையும் அரைச்சுப் பூசினனான்," என்றாள். "சுவர் குளிருது எண்டு கையை வைச்சுக்கொண்டு கிடந்தவள். நாலு நாளால பாக்க, கை அச்சு அப்பிடியே விழுந்திருந்தது."

அப்படியானால் இவளுக்குத் தெரிந்திருக்கிறது.

"நீ ஏன் ஒரு சொல்லுச் சொல்லேல்லைப் பிள்ளை?"

நிரோஜா என்னைத் திரும்பிப் பார்த்தாள். கோபம் இல்லை அந்தப் பார்வையில். இருந்திருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

"சொன்னனானே அக்கா. வாசலில நிண்டு சொன்னனான். மஞ்சள் தெளியாதேங்கோ, சுவருக்கு நோகும் எண்டு. நீங்கள் தலையைத் தடவிவிட்டுப் போனியள்."

ஆம், அதைத்தான் சொல்லியிருந்தாள். சுவருக்கு நோகும். நாங்கள் எல்லாரும் கேட்டோம். பிள்ளையைப் பறிகொடுத்தவளின் பிதற்றல் என்று எடுத்துக்கொண்டு, எவ்வளவு அன்பாக, எவ்வளவு இரக்கமாக அவளைத் தாண்டிப் போனோம். தலையைத் தடவியவள் நான்தான்.

சுவரில் கையை வைத்தேன். பழக்கம். பச்சை குளிர்ந்தது. ஆனால் கைவடிவத்தைச் சுற்றி ஒரு சாண் தூரம் வெதுவெதுப்பாக இருந்தது. குனிந்து பார்த்தேன். அந்த விரல்களின் ஓரம் மஞ்சளாக ஈரமாக இருந்தது. நிரோஜாவின் ஆள்காட்டி விரலும் மஞ்சள்.

"மூடுது அக்கா," என்றாள். "ஒவ்வொரு நாளும் சுவர் வளந்து கையை மூடிக்கொண்டு வருது. சின்னவிரல் முழுக்க மறைஞ்சு போச்சு. அதுதான் நான் கொஞ்சம் கொஞ்சமாத் தடவி விடுறன்."

சுவர் தன் புண்ணை ஆற்றப் பார்த்திருக்கிறது. இவள் ஆறவிடாமல் வைத்திருந்தாள். மஞ்சள் உள்ளே ஊறி ஊறிப் பக்கத்துப் பச்சையையும் தின்னத் தொடங்கிவிட்டது.

"இப்பிடியே தடவினால் முழுச்சுவரும் செத்துப்போம்," என்றேன்.

"தெரியும். தடவாட்டில் கை போயிடும். நான் என்னத்தைச் செய்ய?"

அப்போது ஒன்று சொன்னேன். சொல்லும்போதே என் குரல் எனக்குப் பிடிக்கவில்லை, சந்தையில் பேரம் பேசுகிறவளின் குரல் அது. "செத்த துண்டு ஒருத்தருக்கும் தேவையில்லை. அதைச் சுத்தி வெட்டி முழுசா எடுத்துத் தாறன். கை உனக்கு. மிச்சம் எங்களுக்கு."

அவள் சேலையை மறுபடி இழுத்து விட்டாள்.

நான் எழும்பும்போது கூரையில் சடசடவென்று விழுந்தது. பெருமழை இல்லை, மாரிக்கு முன்னோடியாக வந்து போகிற ஒரு பாட்டம்தான். ஆனால் வெளியே முகாம் முழுக்க ஒரு சத்தம் எழுந்தது. சுவர் இடிகிற சத்தம்கூட இல்லை, ஈர மா சரிகிற மாதிரி ஒரு பொத்தென்ற ஓசை. ஒரு வீடு, பிறகு இன்னொன்று. பக்கத்து வீட்டுக் கூரை தட்டியோடு தொங்கியது. உள்ளே இருந்தவர்கள் பாயையும் பிள்ளைகளையும் தூக்கிக்கொண்டு எங்கே ஓடுவது என்று தெரியாமல் சேற்றில் நின்றார்கள். நிரோஜாவின் வாசலுக்கு வந்த பிள்ளைகள் உள்ளே வரத் துணியாமல் வரிசையாக நனைந்துகொண்டு நின்றன. யாரோ சொல்லி வைத்திருக்கிறார்கள், அங்கே போகாதே என்று.

நிரோஜா பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, "உள்ளுக்கு வாங்கோ," என்றாள்.

பிள்ளைகள் வந்தன. பிறகு தாய்மார் வந்தார்கள். குகனேசனின் மருமகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு வந்தாள். நிற்க இடம் இல்லாமல் ஆளோடு ஆள் ஒட்டி நின்றோம். ஓடி வந்த இளைப்பில் எல்லாரும் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார்கள், வீடு முழுக்க மூச்சாக இருந்தது. இயலினி வயதுப் பெட்டை ஒன்று குளிரில் நடுங்கியபடி பின்சுவரில் சாய்ந்தது. சேலை விலகியது. அது திரும்பிப் பார்த்து, அந்தக் கைமேல் தன் கையை வைத்து அளந்தது.

நிரோஜா அந்தப் பிள்ளையைத் தள்ளிவிடுவாள் என்று பயந்தேன். அவள் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். தோள் மட்டும் குலுங்கியது. மழை விட்ட பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"கத்தியைக் கொண்டுவாங்கோ அக்கா. ஆனால் நான்தான் வெட்டுவன்."

அவள்தான் வெட்டினாள். பின்சுவரில் தொடங்கினாள், பிள்ளை முகம் வைத்துப் படுத்த இடத்தில். முதல் துண்டைக் குகனேசனின் மருமகளுக்கு என்று கொடுத்தாள். வாங்குவதற்குக் கையேந்தி நின்றவர் குகனேசன். தடித்த ஆள், முகத்தை நிமிர்த்தவில்லை. பச்சையாக ஈரமாக, அப்பத்துண்டுபோல் ஒவ்வொன்றாக வெட்டிச் சுளகில் அடுக்கினாள். கைவடிவத்தைச் சுற்றி வந்தபோது கத்தி நின்றது. நான் பிடிக்கப் போனேன், வேண்டாம் என்று தலையாட்டினாள். வெள்ளைக் கை ஒரு சின்னப் பலகைபோல் முழுதாகக் கழன்று வந்தது. அதைச் சேலையில் சுற்றி ஓரமாக வைத்துவிட்டுத் தொடர்ந்து வெட்டினாள். மூன்றில் ஒரு பங்கையாவது விட்டுவிடு, சுவர் பிழைக்கும் என்றேன். யாருக்குப் பதிக்காமல் விடுவது என்று என்னிடம் கேட்டாள். பொழுது சாயும்போது அந்த வீட்டில் காட்டுத்தடிக் கால்கள் மட்டும் நின்றன.

எல்லா வீடும் தப்பியது என்று சொல்லிக் கதையை முடிக்க எனக்கும் ஆசைதான். தப்பவில்லை. பெருமழை எங்கள் கணக்குக்குக் காத்திருக்கவில்லை. கிழக்கு வரிசையில் ஒட்டுப் பிடிக்கும் முன்னமே தட்டிகள் சரிந்தன. குகனேசனின் வீடும் போனது, கூரைக்கு ஏறி ஊற்றிய மஞ்சள் பனைநாருக்குள்ளும் ஊறியிருந்தது. அவருடைய மருமகள் என் வீட்டில்தான் பிள்ளை பெற்றாள். பிடித்த வீடுகளில் மூன்று குடும்பம், நான்கு குடும்பம் என்று அடைந்து கிடந்தோம். நெருங்கிக் கிடந்ததால்தான் அந்தச் சுவர்கள் பிடித்தன என்று பிறகு கஜானன் சொன்னான். இருமலும் வயிற்றோட்டமும் வந்தன. இரண்டு கிழவர்கள் போய்விட்டார்கள். அவர்களுக்கும் முகாம் முழுக்கத் துடக்குத்தான். ஆனால் இந்த முறை கழிப்பதற்கு ஒருவரும் மஞ்சளைத் தேடவில்லை.

நிரோஜா என்னோடு இருந்தாள். என் வீட்டுச் சுவரில் பதித்த துண்டு எந்த இடத்தில் இருந்து வெட்டியது என்று நான் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை. ஆனால் அந்த இடத்துக்கு முதுகைக் கொடுத்துத்தான் இருப்பாள்.

மழை கொஞ்சம் ஓய்ந்த ஒரு காலையில் அவளைக் காணவில்லை. தேடிப் போனேன். தன் வீடு இருந்த இடத்தில், சேற்றில் நிற்கிற நாலு காலுக்கும் நடுவில் நின்றாள். அந்த வெள்ளைக் கையைச் சேலையில் இருந்து எடுத்து நிலத்தில் வைத்திருந்தாள். தூறலில் விரல்கள் ஏற்கெனவே கரையத் தொடங்கியிருந்தன. அவள் கையில் ஒரு செம்பு இருந்தது, அதற்குள் மஞ்சள் தண்ணீர்.

நான் பதறிப்போய்க் கிட்டப் போனேன். அவள் மாவிலையைத் தோய்த்து முதலாவது காலுக்குத் தெளித்தாள்.

"பயப்பிடாதேங்கோ அக்கா," என்றாள். "இனி இஞ்சை சாகிறதுக்கு ஒண்டுமில்லை."

நாலு காலுக்கும் தெளித்துவிட்டு, மிச்சத்தைத் தன் தலையில் ஊற்றிக்கொண்டாள்.